எழுந்து போக இயலாதவர்

நெருப்பின்றிப் புகையாது என்பது பழமொழி. எங்கள் பள்ளி இலக்கிய மன்றத்தில் இவ்வாண்டு எழுந்த பெரும் புகைக்கு நெருப்பாய் அமைந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். "உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் புகைபிடிப்பதைச் சட்டத்தால் தடை செய்வது நியாயமே" என்பதே அது. பதினொன்றாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இரு அணிகளாகப் பிரிந்து வாதிட்டோம்.

தடை கூடாது என்ற அணியினர் நன்றாகவே பேசினர். "அவரவர் உடல், அவரவர் பணம், அவரவர் விருப்பம். கடையோ உரிமையாளருடையது. புகை பிடிக்காதவர் வேறு மேசைக்குப் போகட்டும், வேறு கடைக்குப் போகட்டும். எழுந்து போகக் கால்கள் இல்லையா?" என்று கேட்டபோது கைதட்டல் எழுந்தது. தடை வேண்டும் என்ற அணியினர் புற்றுநோய், இருதய நோய் என்று அடுக்கினர். அவர்களுக்கும் கைதட்டல் கிடைத்தது. இரு பக்கமும் சமமாய் நின்ற நேரத்தில், நடுவராயிருந்த அருட்சகோதரி, "அவையில் யாரேனும் பேச விரும்பினால் பேசலாம்" என்றார்.

ஒன்பதாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு தங்கை எழுந்தாள். அதிகம் பேசாதவள். "அக்கா, பிடிக்காதவர் எழுந்து போகலாம் என்று சொன்னீர்கள். எங்கள் அப்பா ஒரு பாரில் சப்ளையராக இருக்கிறார். அவர் எப்படி எழுந்து போவார்? அவர் உட்காரவே இல்லையே!" என்றாள். பிறகு, தன் தந்தை பீடி சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்றும், நள்ளிரவில் வீடு திரும்பியதும் புகை நாறும் சட்டையை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார் என்றும், இப்போதெல்லாம் மாடிப்படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது என்றும் கூறிவிட்டு அமர்ந்துகொண்டாள்.

மன்றத்தில் ஊசி விழுந்தாலும் கேட்டிருக்கும். அருட்சகோதரி தீர்ப்புக் கூறவில்லை. "இரு அணியினரும் புகைப்பவரைப் பற்றிப் பேசினீர்கள், பக்கத்து மேசைக்காரரைப் பற்றிப் பேசினீர்கள். தட்டு ஏந்தி வருபவரை யாரும் பார்க்கவில்லை. நன்கு படித்து வாருங்கள். படித்ததை ஆண்டு மலரில் எழுதுங்கள்" என்றார். அவ்வாறு நாங்கள் படித்து அறிந்தவற்றையே தோழியரே, பெற்றோரே, உங்கள் முன் வைக்கிறோம்.

புகையில் இருப்பது என்ன?

எரியும் சிகரெட்டிலிருந்து இருவகைப் புகை வருகிறது. ஒன்று, புகைப்பவர் உள்ளிழுத்து வெளியே விடுவது. மற்றொன்று, இழுப்புக்கும் இழுப்புக்கும் இடையே அதன் நுனியிலிருந்து தானாகவே எழுவது. ஓர் அறையில் நிறையும் புகையில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்ததே. பஞ்சு வடிகட்டி ஏதும் அதனை வடிகட்டுவதில்லை. சிகரெட்டைப் பற்றவைத்தவரைவிட அருகில் நிற்பவரே இதனைச் சுவாசிக்கப் பிறந்தவர் போல் ஆகிவிடுகிறார்!

புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்க வல்லவை. சில பெயர்கள் நமக்குப் புதியவை அல்ல. உயிரியல் ஆய்வகத்தில் தவளையையும் பாம்பையும் கெடாமல் வைக்கும் திரவத்திலுள்ள பார்மால்டிஹைடு, வேதியியல் ஆய்வகத்தில் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா, வண்டிகளின் புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, பெட்ரோலில் உள்ள பென்சீன் ஆகிய யாவும் அதில் உண்டு. இவற்றுடன் மிக நுண்ணிய துகள்களும் கலந்திருக்கின்றன. நம் தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்கு கூட இராத இத்துகள்கள் மூக்கிலுள்ள முடிகளுக்கும் தொண்டையின் ஈரத்துக்கும் தப்பி, நுரையீரலின் ஆழம்வரை சென்றுவிடுகின்றன.

"மின்விசிறி வைத்தால் போதாதா? புகைப்பவருக்குத் தனி மூலை ஒதுக்கினால் போதாதா?" என்று எங்களிற் சிலர் கேட்டனர். கோயிலில் பீடத்தருகே தூபம் இட்டால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் மணம் வருவதை நாம் அறிவோம். சாம்பிராணிக்கு உள்ள நியதிதான் சிகரெட்டுக்கும். புகைக்கு வரிசை தெரியாது. கட்டடங்களுக்குக் காற்றோட்டம் அமைப்பதையே தொழிலாகக் கொண்ட அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 2005ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து, உள்ளே புகைப்பதை நிறுத்துவது ஒன்றே தீங்கை நீக்கும் வழி, எந்தக் காற்றோட்டக் கருவியும் அதற்கு ஈடாகாது என்று அறிவித்தது.

தாய்மார்கள் சொல்லித் தந்த உண்மை

புகைப்பவருக்குத் தீங்கு நேர்வது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. புகைக்காதவருக்கும் நேருமா என்ற வினாவுக்கு விடை சொன்னவர்கள் பெண்களே. ஜப்பானில் ஹிராயாமா என்ற அறிஞர், புகைபிடிக்காத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1981ஆம் ஆண்டு ஜனவரியில் தம் முடிவை வெளியிட்டார். கணவர் மிகுதியாகப் புகைத்த வீடுகளில், தாம் ஒருநாளும் புகைக்காத மனைவியர் நுரையீரல் புற்றுநோயால் இறப்பது அதிகமாக இருந்தது. கணவர் புகைக்கும் அளவு கூடக் கூட, மனைவிக்கு வரும் ஆபத்தும் கூடியது.

சிகரெட் நிறுவனங்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தன. ஆயினும் அடுத்தடுத்த ஆராய்ச்சிகள் ஹிராயாமாவின் பக்கமே நின்றன. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 1986இல் வெளியிட்ட அறிக்கை, பிறர் விடும் புகை புகைக்காதவருக்கு நோய் தருவதை ஒப்புக்கொண்டது. 2006இல் வந்த மற்றோர் அறிக்கை, இவ்வளவு புகை ஆபத்தில்லாதது என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்று கூறிற்று. பிறர் புகையால் உலகில் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

தட்டு ஏந்தியவர்கள்

வீட்டில் ஒருவர் புகைத்தாலே இப்படி என்றால், மாலை முதல் நள்ளிரவுவரை பலர் சேர்ந்து புகைக்கும் கூடத்தில் வேலை செய்பவர் நிலை என்ன? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1998 ஜனவரி 1 முதல் மதுக்கூடங்களில் புகைக்கத் தடை வந்தது. சான் பிரான்சிஸ்கோ நகரில் மருத்துவர்கள், தடைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் 53 மதுக்கூடப் பணியாளர்களைச் சோதித்தனர். முதற் சோதனையில் 39 பேருக்கு இருமல், இளைப்பு, மூச்சுத் திணறல் முதலிய தொல்லைகள் இருந்தன. தடை வந்த ஓரிரு மாதங்களில் அந்த 39 பேரில் 23 பேருக்குத் தொல்லை அடியோடு நீங்கியிருந்தது. ஐம்பத்து மூவர் சிறு எண்ணிக்கையே என்பது உண்மைதான். ஆயினும் மருந்தின்றி, செலவின்றி, காற்று ஒன்று மாறியதாலேயே இத்தனை பேர் நலம் பெற்றனர் என்பது சிந்திக்கத் தக்கது அன்றோ?

கனடா நாட்டின் ஒட்டாவா நகரில் ஹெதர் க்ரோ என்றொரு அம்மையார் வாழ்ந்தார். உணவகங்களில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் பரிமாறும் வேலை செய்தவர். ஒரு நாளும் புகைத்ததில்லை. 2002ஆம் ஆண்டு, தம் 57ஆம் வயதில், தமக்கு நுரையீரல் புற்றுநோய் என்று அறிந்தார். வேலை செய்த இடத்துப் புகையே காரணம் என்று தொழிலாளர் இழப்பீட்டு வாரியத்தில் முறையிட்டார். வாரியம் அதனை ஏற்று இழப்பீடு வழங்கிற்று.

இழப்பீட்டைப் பெற்றுக்கொண்டு வீட்டில் ஓய்ந்திருந்தால் யாரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ நோயுடனேயே கனடா முழுவதும் சுற்றி, பள்ளிகளிலும் சட்டமன்றங்களிலும் பேசினார். பிறர் புகையால் இறக்கும் கடைசி ஆள் தாமாக இருக்கவேண்டும் என்பதே அவர் விருப்பம். 2006 மே 22ஆம் நாள் அவர் காலமானார். அவர் வாழ்ந்த ஒன்டாரியோ மாகாணத்தில் உணவகங்கள், மதுக்கூடங்கள் உட்பட எல்லாப் பணியிடங்களிலும் புகையைத் தடுக்கும் சட்டம் மே 31ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இடையே இருந்தவை ஒன்பது நாள்கள்! அதைப் படித்தபோது எங்களில் கண் கலங்காதவர் இல்லை.

அயர்லாந்து காட்டிய வழி

நாடு முழுவதும் எல்லா மதுக்கூடங்களுக்கும் உணவகங்களுக்கும் சேர்த்து முதன்முதலில் தடை விதித்த நாடு அயர்லாந்து. அந்நாட்டில் மதுக்கூடம் என்பது குடிக்கும் இடம் மட்டுமன்று. ஊர்ப் பேச்சும் பாட்டும் நட்பும் கூடும் திண்ணை போன்றது அது. குவளையும் புகையும் பிரிக்க முடியாதவை என்றே பலரும் எண்ணியிருந்தனர். ஆகவே சுகாதார அமைச்சர் மைக்கேல் மார்ட்டின் தடையை அறிவித்தபோது எதிர்ப்பு பலமாயிருந்தது. வியாபாரம் படுத்துவிடும், வேலைகள் போய்விடும், யாரும் கட்டுப்பட மாட்டார்கள் என்றெல்லாம் கூறப்பட்டது.

அமைச்சர் எடுத்துக்கொண்ட நியாயம் எங்கள் ஒன்பதாம் வகுப்புத் தங்கையின் நியாயமே. புகைப்பவரைத் திருத்துவதற்காக அவர் இச்சட்டத்தைக் கொண்டுவரவில்லை. வேலை செய்யும் இடத்தில் தொழிலாளிக்கு நல்ல காற்று வேண்டும் என்பதற்காகவே கொண்டுவந்தார். 2004 மார்ச் 29ஆம் நாள் தடை தொடங்கியது. மீறுவோருக்கு 3,000 யூரோ வரை அபராதம். மக்கள் வாசலுக்கு வந்து, மழையானாலும் அங்கே நின்று புகைத்துவிட்டு உள்ளே சென்றனர். பெரும்பாலோர் சண்டையின்றிக் கட்டுப்பட்டனர். தலைநகர் டப்ளினில் 42 மதுக்கூடங்களின் காற்றைத் தடைக்கு முன்னும் பின்னும் அளந்தபோது, நுண்துகள்கள் 83 விழுக்காடு குறைந்திருந்தன. பென்சீன் சுமார் 80 விழுக்காடு குறைந்திருந்தது.

அதே ஆண்டில் நார்வேயும் நியூசிலாந்தும், 2005 ஜனவரியில் இத்தாலியும், 2006 மார்ச்சில் ஸ்காட்லாந்தும், 2007 ஜூலையில் இங்கிலாந்தும் அவ்வழியே நடந்தன.

மறுப்போர் வாதங்கள்

எதிரணித் தோழியரின் வாதங்களை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம்.

முதலாவது, சுதந்திரம். ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கில அறிஞரை அவர்கள் மேற்கோள் காட்டினர். 1859இல் சுதந்திரம் பற்றி நூல் எழுதிய அவர், ஒருவன் தனக்கே தீங்கு செய்துகொள்வதைத் தடுக்க அரசுக்கு உரிமையில்லை என்று சொன்னது மெய். பிறருக்குத் தீங்கு நேரும்போது தடுக்கலாம் என்று சொன்னவரும் அவரே. தடைச் சட்டம் புகைக்காதே என்று கூறவில்லை. இங்கே புகைக்காதே என்றுதான் கூறுகிறது.

இரண்டாவது, "அந்த வேலை பிடிக்காவிட்டால் வேறு வேலை தேடட்டுமே" என்பது. ஆலையில் இயந்திரத்துக்குக் காப்பு இல்லாமல் கை நசுங்கினால், வேறு வேலை பார் என்றா சொல்வோம்? காப்புப் போடு என்று முதலாளியிடம் சொல்வோம் அல்லவா? ஊர்விட்டு ஊர் வந்து, படிப்பும் பணமும் இன்றி, கிடைத்த வேலையைப் பற்றிக்கொண்டு குடும்பம் நடத்துபவருக்கு விருப்பம் என்ற சொல்லுக்குப் பொருளே வேறு.

மூன்றாவது, வியாபார நட்டம். இதில் நேர்மையாகச் சொல்லவேண்டும். அயர்லாந்தில் பின்வந்த ஆண்டுகளில் பல சிற்றூர் மதுக்கூடங்கள் மூடப்பட்டன. அதற்குக் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோர்மேல் கடுமையாகிய சட்டமும், கடைகளில் மலிவாகக் கிடைத்த மதுவும், 2008இல் வந்த பொருளாதாரச் சரிவும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. எல்லாப் பழியையும் புகைத்தடை மேல் சுமத்த இயலாது. சிலருக்கு நட்டம் வந்திருக்கவும் கூடும். ஆனால் எல்லாக் கடைகளுக்கும் ஒரே சட்டம் என்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்கு ஓட வழியில்லை.

நான்காவது வாதமே எங்களை மிகவும் அச்சுறுத்தியது. "கடையில் தடுத்தால் வீட்டில் புகைப்பார்கள், குழந்தைகள் அல்லவா துன்புறுவார்கள்?" என்பது அது. ஸ்காட்லாந்தில் இதனைச் சோதித்தே பார்த்தனர். நிக்கோட்டின் உடலில் சென்றதும் கோட்டினின் என்ற பொருளாக மாறி உமிழ்நீரில் தென்படும். தடைக்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ 11 வயதுள்ள பள்ளிப் பிள்ளைகளின் உமிழ்நீரைச் சோதித்ததில், புகைக்காத பிள்ளைகளிடம் கோட்டினின் அளவு 39 விழுக்காடு குறைந்திருந்தது. கடையில் பழகிய கட்டுப்பாடு வீட்டுக் குழந்தையின் மூச்சைக் கெடுக்கவில்லை என்று அறிந்து நிம்மதி அடைந்தோம்.

ஐந்தாவதாக ஒன்றை எதிரணியினர் கூற, நாங்கள் மறுக்காமல் ஏற்றோம். புகைப்பவரை இழிவாகப் பேசக் கூடாது. நிக்கோட்டின் ஒருவரை எளிதில் விடுவதில்லை. விட்டுவிட விரும்பியும் விட இயலாமல் தவிப்போர் பலர். சட்டம் செயலைத் தடுக்கட்டும். நாம் மனிதரை வெறுக்க வேண்டாம்.

நம் நாட்டில்

1999 ஜூலை 12ஆம் நாள் கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது பிறரின் வாழும் உரிமையைப் பாதிக்கிறது என்று தீர்ப்பளித்தது. 2001 நவம்பர் 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், பேருந்து, ரயில் முதலிய இடங்களில் புகைக்கத் தடை விதித்தது. 2003இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று. அச்சட்டத்தின் கீழ் விரிவான விதிகள், நம் தமிழகத்தைச் சேர்ந்த டாக்டர் அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராயிருந்தபோது, 2008 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தியன்று நடைமுறைக்கு வந்தன. உணவகங்களும் மதுக்கூடங்களும் பணியிடங்களும் அவற்றுள் அடங்கும். மீறினால் 200 ரூபாய் வரை அபராதம் என்று விதிக்கப்பட்டது.

ஆயினும் அதில் ஒரு வாசல் திறந்து வைக்கப்பட்டது. 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் அமரக்கூடிய உணவகம், நான்கு பக்கமும் முழுச் சுவரும் தானே மூடும் கதவும் உடைய தனி அறையைப் புகைப்போருக்கு ஒதுக்கலாம் என்பதே அது. அந்த அறைக்குள் தேநீர் கொண்டுசெல்பவர் யார்? சப்ளையர்தானே! 2017ஆம் ஆண்டு இவ்விதிகள் திருத்தப்பட்டு, புகைக்கும் அறையில் எதுவும் பரிமாறக் கூடாது என்று சேர்க்கப்பட்டது. ஹூக்கா புகைக்கும் விடுதிகளை மனத்தில் கொண்டே அத்திருத்தம் வந்தது என்பர். காரணம் எதுவாயினும், தட்டு ஏந்துபவரைச் சட்டம் அன்று கண்ணெடுத்துப் பார்த்தது என்று நாங்கள் மகிழ்ந்தோம்.

ஏட்டில் எழுதியது நாட்டில் நடக்கிறதா? எங்கள் தங்கையின் தந்தையே அதற்கு விடை. அவர் வேலை செய்யும் இடத்தின் சுவரிலும் "புகை பிடிக்காதீர்" என்ற பலகை தொங்குகிறதாம். அதற்கு நேர் கீழே உள்ள மேசையில்தான் சாம்பல் கிண்ணம் வைக்கப்படுகிறதாம்!

முடிவாக

மறு மாதம் மன்றம் மீண்டும் கூடியது. இம்முறை வாக்கெடுத்தபோது, எதிரணியில் பேசியவர்களிலும் பெரும்பாலோர் தடைக்கே வாக்களித்தனர். அந்தத் தங்கையின் தந்தைக்கு மூச்சு வாங்குவது புகையினால்தானா என்று கூற நாங்கள் மருத்துவர்கள் அல்லர். அருட்சகோதரியின் ஏற்பாட்டில் அவர் மருத்துவரிடம் காட்டி வருகிறார். வேலைக்கும் அதே இடத்துக்கே போய் வருகிறார். வீட்டில் நால்வர் உண்ணவேண்டும், மகள் படிக்கவேண்டும். அவரால் எழுந்து போக இயலாது.

எழுந்து போக இயலாதவர் அவர் மட்டும்தானா? தொட்டிலில் கிடக்கும் குழந்தை எழுந்து போகுமா? அடுப்படியில் நிற்கும் அம்மா எங்கே போவார்? கட்டிலில் படுத்திருக்கும் பாட்டி எங்கே போவார்? உணவகத்தின் வாசல்வரை சட்டம் வரும். வீட்டுக்குள் அது வராது. அங்கே நம் அன்பும் துணிவும்தான் வரவேண்டும். "அப்பா, வாசலில் போய்ப் பிடித்துவிட்டு வாருங்கள்" என்று பணிவாகச் சொல்ல நம்மால் இயலும். "விட்டுவிடுங்கள் அப்பா, நாங்கள் துணை இருக்கிறோம்" என்று சொல்வதும் இயலும். குடும்பத்தோடு உணவகம் சென்று, அங்கே ஒருவர் புகைத்தால், "பக்கத்து மேசையில் புகை வருகிறது" என்று மட்டும் சொல்லி நாம் இடம் மாறிவிட வேண்டாம். "இங்கே வேலை செய்பவர்களுக்கும் ஆகாதே, ஐயா" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வருவோம்.

பெற்றோரில் புகைக்கும் பழக்கம் உடையோருக்கு எங்கள் தாழ்மையான விண்ணப்பம் ஒன்று உண்டு. அடுத்த முறை உணவகத்தில் தீக்குச்சியைக் கிழிக்குமுன், உங்கள் தட்டை ஏந்தி வருபவரை ஒருகணம் நிமிர்ந்து பாருங்கள். அவருக்கும் எங்களைப் போல ஒரு மகள், எங்கோ ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருப்பாள்.